மதிலில் மூன்று தட்டு

என் மகன் ஃபுல்வியோ எங்கள் இருவரின் முதுமையையும் ஒரே காகிதத்தில் அடக்கிவிட்டான். கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு, வண்ணம் தீட்டி, அச்சடித்துக் கொண்டுவந்து சமையலறை மேஜையில் விரித்தான். மேலிருந்து கீழாக நான்கு வரிசை: எங்கள் வீட்டிலேயே கூடத் தங்கிப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண், உதினேயில் இருக்கும் அவன் வீடு, மலைமேல் பெரிய முதியோர் இல்லம், ஊருக்குள் கூட்டுறவுக்காரர்கள் நடத்தும் சின்ன இல்லம். இடமிருந்து வலமாக லிஃப்ட், நர்ஸ், சாப்பாடு, தூரம், கடைசியில் ‘ஜோடியாக இருக்கலாமா’ என்று ஒரு பத்தி. நல்லதுக்குப் பச்சை, கெட்டதுக்குச் சிவப்பு.

“பாத்தியாம்மா? மலைமேல இருக்கறது முழுக்கப் பச்சை. இதுக்கு மேல யோசிக்க என்ன இருக்கு?”

“பள்ளிக்கூடத்துல நீ வாங்காத மார்க்கையெல்லாம் அந்த வீட்டுக்குப் போட்டிருக்கியேடா.”

“அம்மா, நான் சீரியஸா பேசறேன்.”

“நானும்தான்.”

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். வேலை முடிந்து ஒரு மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

பிப்ரவரியில், போரா என்கிற எங்கள் ஊர்க் குளிர்காற்று ஜன்னல்களைப் பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், முகம் மழித்துக்கொண்டிருந்த என் கணவன் லிவியோ அப்படியே சாய்ந்தான். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சில் மிஞ்சியவை நாலே வார்த்தைகள். ‘ஆமா’, ‘இல்ல’, ‘நெரி’. அந்த நெரி நான்தான், நெரீனா. நாலாவது, அவன் டிராம் ஓட்டிய காலத்தில் தண்டவாளத்தில் காரை நிறுத்துகிறவர்களைப் பார்த்துச் சொன்ன ஒரு கெட்ட வார்த்தை. அதை மட்டும் கணீரென்று சொன்னான். டாக்டர் கேட்டுச் சந்தோஷப்பட்டார். நல்ல அறிகுறியாம்.

எங்கள் வீடு நாலாவது மாடி. எழுபத்தாறு படி, லிஃப்ட் கிடையாது. எனக்கு வயது எழுபத்தேழு. என் முதுகும் உடையாமல், அவன் மனசும் உடையாமல், மிச்சமிருக்கும் நாட்களை நாங்கள் இருவரும் எங்கே போய் வாழ்வது? எனக்கு வேண்டியிருந்தது இந்த ஒரு கேள்விக்குப் பதில். ஃபுல்வியோவின் காகிதத்தில் அதற்கு மட்டும் கட்டம் இல்லை.

முதல் வரிசையை நாங்கள் ஏற்கெனவே வாழ்ந்து பார்த்துவிட்டோம். ஹலீனா உக்ரைன்காரி. ஐம்பது வயது, அகலமான தோள், தங்கமான மனசு. ஆனால் ஒரு சமையலறையில் இரண்டு பெண்கள் என்றால் ஒரு உறையில் இரண்டு கத்திதான்.

“சின்யோரா, உங்க சூப்பு ஒரே புளிப்பு.”

“யோத்தான்னா புளிச்ச முட்டைக்கோஸ்தான் போடுவாங்க, புளிக்காம என்ன செய்யும்? உன் சூப்பு மட்டும் என்ன, சாயம் போன சட்டைய அலசின தண்ணி மாதிரி இருக்கு.”

“அது பீட்ரூட்டு.”

“அதத்தான் சொல்றேன்.”

லிவியோ இரண்டையும் குடித்தான், இரண்டுக்கும் ‘ஆமா’ என்றான். அரசியல் தெரிந்தவன்.

வந்தவள் நல்லவள், படிகள்தான் பொல்லாதவை. இரண்டு மாதம் அவன் தெருவையே பார்க்கவில்லை. ஹலீனாவுக்கு வியாழன் மதியமும் ஞாயிறும் விடுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆனை படுத்தாலும் குதிரை மட்டம். நோயில் இளைத்தும் அவன் எண்பத்தைந்து கிலோ. என்னால் அசைக்க முடியவில்லை. கீழ்வீட்டுக்காரன் மாலையில்தான் வருவான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாலு மணி நேரம் தரையிலேயே இருந்து, ஒரு பாக்கெட் பிஸ்கட்டை இருவரும் தின்று தீர்த்தோம். அவன் சிரித்தான். நான் அழுதேன். மறுநாள் ஹலீனாவே சொன்னாள், “சின்யோரா, இங்க இருந்தா மொதல்ல போறது நீங்கதான்.”

இரண்டாவது வரிசை, மகன் வீடு. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று தெரியாமலா சொன்னார்கள்? தரைத்தளம், தோட்டம், எல்லாம் இருந்தது. மருமகள் மார்சியா ஒரு நாளைக்கு நாற்பது முறை “வேற ஏதாவது வேணுமா அத்தை?” என்று கேட்டாள். வேண்டியதெல்லாம் அவள் அப்படிக் கேட்காமல் இருப்பதுதான். காலை ஏழு மணிக்கு இருவரும் வேலைக்குப் போனால் வீடு எங்களைப் பார்க்கும், நாங்கள் வீட்டைப் பார்ப்போம். ஒன்பதாம் நாள் நான் அவள் அலமாரியை ஒழுங்குபடுத்தினேன். நான் தூங்கிய பிறகு அவள் அதைப் பழையபடி அடுக்கினாள். சண்டை வருவதற்கு முன்பே ஊருக்குத் திரும்பிவிட்டோம். அதனால்தான் இன்றைக்கும் நானும் அவளும் போனில் சிரித்துப் பேசுகிறோம்.

மூன்றாவதைப் பார்க்க ஃபுல்வியோ எங்களைக் காரில் மலைக்கு அழைத்துப்போனான். நாற்பது கிலோமீட்டர். பளிங்குத் தரை, நீச்சல் குளம், ஜன்னலுக்கு வெளியே பைன் மரம், அதற்குப் பின்னாலும் பைன் மரம். அங்கே நிர்வாகம் பார்க்கும் அம்மாளுக்கு வெண்ணெய் தடவிய குரல். இரண்டு கட்டில் போட்ட ஒரு அறையைத் திறந்து காட்டினாள்.

“நாங்க தம்பதிகளப் பிரிக்கவே மாட்டோம். இருபத்துநாலு மணி நேரமும் ஒண்ணாவே இருக்கலாம்.”

ஃபுல்வியோவின் முகம் மலர்ந்தது. எனக்கு மூச்சு முட்டியது.

ஐம்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் நாங்கள் இருபத்துநாலு மணி நேரம் ஒன்றாக இருந்தது தேனிலவில் ஒரே ஒரு நாள். முதல் சண்டையும் அன்றைக்குத்தான். அப்புறம் அவனுக்கு டிராம், எனக்குத் தபாலாபீசில் கடிதம் பிரிக்கும் வேலை. விடுமுறை நாளில்கூட எங்களுக்கு நடுவே ஒரு மதில் இருந்தது. கதைக்காகச் சொல்லவில்லை, சுண்ணாம்படித்த நிஜ மதில். எங்கள் ஊர்க் கடற்கரை ஒன்றில் மணலைப் பிளந்துகொண்டு தண்ணீருக்குள் வரை போகும். இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கட்டின புருஷன் கண்ணில் படாமல் தொப்பை சரிய மல்லாந்து, வாய் வலிக்க ஊர்வம்பு பேசிக் கிடக்கும் சுகம் அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

கல்யாணமான முதல் கோடையில் ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த நெத்திலியை இரண்டு டப்பாவில் போட்டு, ஒன்றை அவனிடம் கொடுத்து அனுப்பினேன். காலை பத்து மணிக்கே தின்றுவிட்டான். வீட்டுக்கு வந்து, பசிக்கிறது, புருஷனைப் பட்டினி போட்டுவிட்டாய் என்று குதித்தான். அன்றைக்குச் சட்டம் போட்டேன்: “நான் தட்டாம நீ டப்பாவத் தொறக்கக் கூடாது.” பன்னிரண்டரைக்கு மரச்செருப்பைக் கழற்றி அதன் குதியால் மதிலில் மூன்று தட்டு தட்டுவேன். அந்தப் பக்கமிருந்து இரண்டு தட்டு வரும். பிறகுதான் இருவரும் சாப்பிடுவோம். பன்னிரண்டு வயது வரை ஃபுல்வியோ என் பக்கத்தில் இருந்தான், அதற்குப் பிறகு அப்பா பக்கத்துக்குப் போய்விட்டான். தட்டு மட்டும் நிற்கவில்லை.

இதையெல்லாம் பைன் மரங்களுக்கு நடுவே மகனிடம் எப்படிச் சொல்வது? ‘உன் அப்பாவோடு இருபத்துநாலு மணி நேரமும் இருக்க எனக்கு வேண்டாம்’ என்றால் கேட்கிறவன் என்ன நினைப்பான்? என் காதுக்கே அது அன்பில்லாத பேச்சாகத்தான் கேட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை ஒரு மணி வரை அறையை வைத்திருப்பதாக வெண்ணெய்க்குரல் சொன்னாள்.

நாலாவது, அந்தச் சின்ன இல்லம். ‘ஜோடியாக’ என்ற கட்டத்தில் அதற்கு அடர் சிவப்பு. ஒரு பாதியில், கவனிப்பு தேவைப்படுகிறவர்களுக்கு நர்ஸும் கட்டிலும். மறுபாதியில், இன்னும் சொந்தக்காலில் நிற்பவர்களுக்கு ஓர் அறையும் ஒரு சமையல்மூலையும் தனிச் சாவியும். லிவியோ அந்தப் பாதி, நான் இந்தப் பாதி. என் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவர்தான் அவர்களுடைய சாப்பாட்டு அறைச் சுவர். ஜன்னலைத் திறந்தால் கடல். கீழேயிருந்து குளிக்கிறவர்களின் கூச்சல். தலைமை நர்ஸ் க்ஸேனியா, ஸ்லோவீனியக் குடும்பத்துப் பெண், வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

“பதினஞ்சு நாள் இருந்து பாருங்க. மொத வாரம் சாப்பாட்டு நேரத்துல குடும்பத்துக்காரங்க யாரும் உள்ள வரக்கூடாது. இல்லன்னா அவர் எங்க கையால சாப்பிடப் பழகவே மாட்டார்.”

“சாயங்காலம்?”

“அஞ்சு மணிக்கு வாங்க. அழக்கூடாது.”

எனக்குப் பிடித்துவிட்டது. ஃபுல்வியோவுக்குப் பிடிக்கவில்லை. “அப்பாவ ஒரு பக்கம் தள்ளிட்டு நீ ஒரு பக்கமா?” என்றான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். என்ன கடித்து என்ன? முள் தைத்துவிட்டது.

திங்கட்கிழமை குடிபோனோம். க்ஸேனியா அவன் சக்கர நாற்காலியைச் சாப்பாட்டு அறைக்குத் தள்ளிப்போனாள். “சின்யோர் லிவியோ, கவலப்படாதீங்க. இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம்தான் உங்க வீட்டுக்காரம்மா இருக்காங்க” என்று அவள் சொன்னது வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. அவன் சுவரைப் பார்த்தான். பிறகு அதை ஒட்டியிருந்த மேஜையைக் காட்டி ‘ஆமா’ என்றான்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓடினேன். என்னைப் பார்த்ததும் நாலாவது வார்த்தையைச் சொன்னான். செவ்வாயும் அதே வார்த்தை, புதன்கிழமை இரண்டு முறை. ஐம்பத்திரண்டு வருடத்தில் அந்த வார்த்தையை அவன் என்னைப் பார்த்துச் சொன்னதே இல்லை.

புதன் இரவு க்ஸேனியா என் கதவைத் தட்டினாள்.

“உங்ககிட்ட மறைக்க முடியாது. மத்தியானச் சாப்பாட்டத் தொடறதே இல்ல. நாப்கினைக் கட்டி விட்டா செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கார். ஊட்டப் போனா தலையத் திருப்பிக்கறார். ராத்திரி மட்டும் ரெண்டாள் சாப்பாடு சாப்பிடறார்.”

“டாக்டர் என்ன சொல்றார்?”

“மனசு ஒடஞ்சிருக்குங்கறார். இப்படியே போனா, ஜோடியா இருக்கற எடத்துக்கு மாத்தறதுதான் நல்லதுன்னு எழுதுவார்.”

அன்றிரவு நான் நன்றாக அழுதேன். முதுகு வலிக்குப் பயந்து கட்டினவனைச் சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளிய பாவி என்று என்னையே வைதேன். அவன் மத்தியானம் மட்டும் ஏன் சாப்பிடவில்லை என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். குற்றம் செய்துவிட்டோம் என்று நினைப்பவளுக்கு யோசிக்க எங்கே வரும்? திட்டு வாங்கிக்கொள்ளத்தான் வரும்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டேகாலுக்கு ஃபுல்வியோ வந்தான். கோபமாக வரவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“ஒரு மணிக்குள்ள சொல்லணும்மா. அப்பாவுக்கு நீ பக்கத்துல இருக்கணும். அவ்வளவுதான்.”

“சரி,” என்றேன். “போன் போடு.”

சொல்லிவிட்டேனே தவிர, கண்முன்னே அந்த மலைதான் நின்றது. பைன் மரம், பைன் மரத்துக்குப் பின்னால் பைன் மரம், ஒரே அறை, ஒருவர் மூச்சை ஒருவர் எண்ணிக்கொண்டு. அவன் எண்களை அழுத்திக்கொண்டிருந்தான். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. வந்த நாளிலிருந்து வாணலி தரையில் கிடந்தது, மாட்ட ஓர் ஆணி இல்லாமல். மேஜை இழுப்பறையிலிருந்து ஓர் ஆணியை எடுத்தேன்.

“காலி பண்ணப்போற வீட்டுல ஆணி எதுக்கும்மா?”

“போற வரைக்கும் வாணலி தரையிலயா கெடக்கும்? நீ உன் வேலையப் பாரு.”

சுத்தியல் இல்லை. காலில் கிடந்த மரச்செருப்பைக் கழற்றினேன். அடுப்புக்கு மேலே ஆணியை வைத்து, அந்த வெண்ணெய்க்குரலையும் டாக்டரையும் என்னையும் நினைத்துக்கொண்டு ஓங்கி அடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஆணி இறங்கிவிட்டது.

அந்தப் பக்கமிருந்து இரண்டு தட்டு வந்தது.

செருப்பு என் கையில் நின்றது. ஃபுல்வியோ தலை நிமிர்ந்தான். அவனுக்கு ஐம்பது வயது, தலையில் பாதி முடி இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவன் முகம், நெத்திலி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்த பயல் முகமாக இருந்தது.

“அம்மா... அப்பாவா?”

க்ஸேனியாவின் சட்டமாவது ஒன்றாவது! ஒரு காலில் செருப்பும் மறுகால் வெறுங்காலுமாக நான் தாழ்வாரத்தில் ஓடினேன். சாப்பாட்டு அறைக் கதவைத் தள்ளித் திறந்தேன். லிவியோ சுவரை ஒட்டிய மேஜையில் இருந்தான். இடது கையால் பாஸ்தாவை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். தாடையெல்லாம் தக்காளிச் சாறு. சுவரில் கரண்டி பட்ட இடத்திலும் சிவப்பாக இரண்டு பொட்டு. என்னைப் பார்த்தான். வாயில் இருந்ததை விழுங்கினான். உதட்டைக் கோணி, எங்கிருந்தோ தோண்டி எடுப்பதைப்போல ஒரு வார்த்தையை வெளியே கொண்டுவந்தான்.

“லேட்டு.”

அது ஐந்தாவது வார்த்தை. ஐந்து நாளாகப் பசியோடு காத்திருந்தவனுக்கு அதைவிடப் பொருத்தமான வார்த்தை எது? அவன் என்னை வெறுக்கவில்லை. நான் அவனைத் தள்ளிவிட்டதாகவும் அவன் நினைக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நான் இருக்கிறேன் என்று க்ஸேனியா சொன்னாளே, அதை அவன் அப்படியே நம்பினான். இருக்கிறவள் தட்டுவாள் என்று உட்கார்ந்திருந்தான். தினமும் தட்டாமல் ஏமாற்றியவள் நான்தான்.

“தட்டினா சாப்பிடுவார்னு ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?” க்ஸேனியா இடுப்பில் கை வைத்துக் கத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்தினாள். “படிவத்துல ‘பழக்கவழக்கங்கள்’னு ஒரு பக்கமே விட்டிருக்கே!”

“காபில சக்கர வேணாம்னு எழுதினேனே.”

பின்னால் ஃபுல்வியோ போனைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான். அதிலிருந்து வெண்ணெய்க்குரல் “அலோ? அலோ?” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவன் அதைக் காதில் வைத்தான். “மன்னிச்சுக்குங்க சின்யோரா, அந்த ரூம வேற யாருக்காவது குடுத்துருங்க,” என்றான். பிறகு அப்பாவின் தாடையைத் துடைக்கப் போய், அப்பாவிடமிருந்து நாலாவது வார்த்தையை வாங்கிக்கொண்டான்.

அடுத்த முறை வந்தபோது காகிதத்தைத் திருத்திக் கொண்டுவந்திருந்தான். ‘ஜோடியாக இருக்கலாமா’ என்ற பத்தியில் அடர் சிவப்பு போய்ப் பச்சை வந்திருந்தது. அந்தக் காகிதத்தை நான் அந்த ஆணியிலேயே வாணலிக்குப் பின்னால் குத்தி வைத்தேன்.

இப்போது ஜூலை. அந்த மேஜையில் இன்னும் மூன்று கிழவர்கள் சேர்ந்துவிட்டார்கள். நான் தட்டாமல் ஒருவனும் கரண்டியைத் தொடுவதில்லையாம், க்ஸேனியா புலம்புகிறாள். காலையில் நான் என் சாவியை எடுத்துக்கொண்டு மதில் கடற்கரைக்கு இறங்கி, குளித்து, வம்பு பேசி, பன்னிரண்டுக்குள் திரும்பிவிடுவேன். சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கடற்கரையில் கேட்டதையெல்லாம் சொல்வேன். சொல்ல ஏதாவது இருக்கிறது, அதுதான் பெரிய விஷயம். அவனுக்கு இப்போது முப்பது வார்த்தை இருக்கிறது. பாதிக்கு மேல் வசவு.

நேற்று வெயிலில் களைத்து வந்து, கட்டிலில் சாய்ந்தவள் கண்ணயர்ந்துவிட்டேன். எழுப்பியது சத்தம்தான். அடுப்புக்குப் பின்னால் மூன்று தட்டு. மணியைப் பார்த்தேன், பன்னிரண்டு முப்பத்தைந்து. ஐம்பத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக அவன் முந்திக்கொண்டுவிட்டான். ஆனால் நான் திகைத்தது அதற்காக அல்ல. அவன் இடது கையின் தட்டு எனக்கு அத்துப்படி, மேளக்காரன் மாதிரி அடிப்பான். இது வேறு. மெதுவாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நிறைய மூச்சு வாங்கிக்கொண்டு, மூன்றாவது கேட்டும் கேட்காமலும்.

அது வலது கை.

எழுந்துபோய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. செருப்பைக் கழற்றி, அவன் எனக்குத் தட்டுவதைப் போலவே இரண்டு முறை தட்டினேன். பிறகு அந்தப் பக்கம் முழுவதும் கேட்கும்படி கத்தினேன்.

“கேட்டுச்சு! ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடு!”